காலிப் பெட்டியும் ஸ்டிக்கரும்

பெட்டிகளை எண்ணுவதில் பார்கோடையும், ஸ்டிக்கரை ரேடியோ அலையால் படிக்கும் ஆர்எஃப்ஐடியையும் ஒப்பிட்டு அறிக்கை தர, மலேசியாவின் புக்கிட் தெங்காவில் ஒரு கிடங்குக்குப் போயிருந்தேன். அங்கே பார்கோட் ஸ்கேன் செய்பவர், மணிக்கட்டில் பட்டை கட்டிய, தலை நரைத்த ஓர் அக்கா. ஸ்கேன் செய்ததும் ஒவ்வொரு பெட்டியையும் தட்டிப் பார்ப்பார்.

"ஏன்க்கா தட்டுறீங்க?"

"காலிப் பெட்டியிலயும் ஸ்டிக்கர் இருக்கும் தம்பி. மெஷினுக்குத் தெரியாது லா."

என் ஆர்எஃப்ஐடி கருவி, தள்ளி நின்றபடியே எல்லாப் பெட்டிகளின் ஸ்டிக்கர்களையும் சில நிமிடங்களில் எண்ணிவிட்டது. அவர் முடிக்க மதியமானது. நான் எண்ணியதில் இரண்டைக் காலி என்று ஒதுக்கியிருந்தார். அறிக்கைப் படிவத்தில் நேரத்துக்கு மட்டுமே கட்டம் இருந்தது. நிரப்பினேன்.

"அடுத்த மாசம் எனக்கு வேலை இருக்குமா தம்பி?"

"இருக்காதுக்கா."

தலையாட்டிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார். அவரைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு எதுவுமே தோன்றவில்லை. அது ஏன் என்று இன்னும் விளங்கவில்லை.