இரண்டு வார்டுக்கு நடுவே எங்கள் வாசல்

சில வருடங்களுக்கு முன்பு, ஆடி மாதம். புனேவில் ஆற்றை ஒட்டிய சந்து ஒன்றில் குடியிருந்தோம். அணை திறந்த அன்று ஆறு சந்துக்குள் புகுந்துவிட்டது. மாடி வீடு என்பதால் தப்பித்தோம். தண்ணீர் வடிந்ததும் எட்டிப் பார்த்தால், கேட்டை அடைத்துக்கொண்டு ஆளுயரத்துக்குக் குப்பைமேடு. ஊறிய மெத்தைகள், தகரம், உடைந்த பீரோ, எல்லாவற்றின் மேலும் சேறு.

என் கவலையெல்லாம் மாமனாரைப் பற்றித்தான். அவருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ். வெள்ளத்தால் ஏற்கெனவே ஒருமுறை தவறியிருந்தது. முகம் வீங்கி, நாலு படி இறங்குவதற்குள் மூச்சு வாங்கியது. வீட்டுக்குப் பின்னால் ஓடை, வேறு வழி கிடையாது.

குப்பை அள்ள ஜேசிபி வந்தபோது 'அப்பாடா' என்றிருந்தது. ஆனால் அது எங்களுக்கு ஒரு வீடு முன்னாலேயே நின்றுவிட்டது. என் கணவர் மேட்டில் தட்டுத்தடுமாறி ஏறி, காலைக் கிழித்துக்கொண்டு போய்க் கேட்டார். அத்தோடு தன் வார்டு முடிகிறது, மீதி அடுத்த கான்ட்ராக்டர் பொறுப்பு என்றார் சூப்பர்வைசர். ஒவ்வொரு லோடுக்கும் இடம் தெரியும்படி போட்டோ அனுப்ப வேண்டுமாம். மறுபக்கம் வந்த ஆட்களோ, மேடு முதல் வார்டுடையது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். நன்றாக மாட்டிக்கொண்டோம்.

ஜேசிபி ஓட்டியவர் சோலாப்பூர் பக்கத்து ஆள். கேட்டுக்கு உள்ளே நாற்காலியில் வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்த மாமனாரையே பார்த்துக்கொண்டிருந்தார். சூப்பர்வைசர் டீ குடிக்கப் போனதும், வண்டியைத் திருப்பி, மேட்டுக்கு மேலாக அதன் இரும்புக் கையை நீட்டி, மண் அள்ளும் பக்கெட்டை எங்கள் முற்றத்தில் இறக்கினார். மேட்டின் மேல் ஏறி வந்து, தன் மழைக்கோட்டைக் கழற்றி பக்கெட்டுக்குள் விரித்தார்.

"குப்பையைத்தான் எடுக்கக் கூடாது வஹினி. மனுஷனை எடுக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லல" என்றார் இந்தியில், என்னை மட்டும் மராத்தியில் 'அண்ணி' என்று அழைத்து.

மாமனார் கோவையில் ஆயுசெல்லாம் ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவர். இஸ்திரி போடாத சட்டையோடு தெருமுனைக்குக்கூடப் போகமாட்டார். அவரை நாற்காலியோடு பக்கெட்டில் வைத்து, என் கணவர் பக்கத்தில் குந்திப் பிடித்துக்கொண்டார். மெல்ல மேலே போனார்கள். எதிர் பில்டிங்கில் நாலைந்து பேர் போனில் படம் பிடித்தார்கள். மாமனார் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அன்று டயாலிசிஸ் நடந்தது. சாயங்காலம் அதே பக்கெட்டில்தான் வீடு திரும்பினார். எங்காவது ரூம் எடுத்துத் தங்கியிருக்கலாம். நாளைக்கே பேசி எடுத்துவிடுகிறோம் என்று சூப்பர்வைசர் சொன்னதை நம்பித் தொலைத்தோம்.

அடுத்த முறை போகவேண்டிய நாளும் வந்தது. மேடு அசையவில்லை. டிரைவர் அவராகவே வந்து பக்கெட்டை இறக்கினார். மாமனார் எழுந்திருக்கவே இல்லை.

"வேண்டாம் அம்மணி. குப்பையாட்ட என்னைய அள்ளிட்டுப் போறத ஊரே வேடிக்கை பாக்குது. வழி ஆகட்டும், அப்புறம் போய்க்கலாம்."

கெஞ்சினோம், கோபித்துக்கொண்டோம். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். கீழே டிரைவர் வெகுநேரம் காத்திருந்துவிட்டு, வேலைக்குக் கூப்பிட்டதும் போனார்.

மறுநாள் விடிகாலையில் மாமனார் போய்விட்டார்.

சேதி தெரிந்ததும் சூப்பர்வைசர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து நின்றார். யாருக்கோ போன் செய்தார். கொஞ்ச நேரத்தில் மறுபக்கத்திலிருந்தும் ஒரு ஜேசிபி வந்தது. இரண்டும் சேர்ந்து அள்ளியதில், வீட்டில் பாடை கட்டி முடிப்பதற்குள் வாசல் சுத்தமாகிவிட்டது. எது யார் வார்டு என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அமரர் ஊர்தி கேட் வரைக்கும் வந்தது. அந்த டிரைவர் மட்டும் வண்டியை அணைத்துவிட்டு, தலையைக் குனிந்தபடி சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார்.

பிறகு நாங்கள் வேறு பகுதிக்குக் குடிபோய்விட்டோம். வழிவிட அத்தனை பேருக்கும் மனசு இருந்திருக்கிறது, அந்த மனசு வருவதற்கு அவர் செத்துப்போக வேண்டியிருந்தது என்று நினைக்கும்போது, இன்றைக்கும் எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வருகிறது.