டிக்கட் மட்டும் கேட்கிற இடம்

நிஸார் நானா மௌத்தாகிவிட்டார். சுபஹு தொழுதுவிட்டு வந்து கதிரையில் உட்கார்ந்தவர்தான்... அவர் மனைவி ஜெஸீமா ராத்தா பிளேன்டீ கொண்டுவந்தபோது ஆள் இல்லை.

அடக்கிவிட்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். வந்த கையோடு போனைத் தூக்கி இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருக்கிறது.

தெரியாதவர்களுக்கு... புத்தளம் டவுனில் நான் வேலை செய்த ஹார்ட்வெயார் கடையில் பெயின்ட் பக்கம் நின்றவர். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களை இயக்கம் துரத்தியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்து, இங்கே தில்லையடியில் வீடு கட்டி, பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய மனுஷன்.

அவருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. வாட்டர் பார்க்!

கடையில் வருடா வருடம் குடும்பத்தோடு ஸ்டாஃப் ட்ரிப் போவோம். நாங்கள் கண்டி, நுவரெலியா என்று அடுக்குவோம். நானா மட்டும் கொழும்புப் பக்கம் இருக்கிற அந்த வாட்டர் பார்க்தான் என்று ஒரே பிடியாக நிற்பார். அவரிடம் வாய் கொடுக்க முதலாளிக்கே பயம். கடைசியில் பஸ் அங்கேதான் போகும்.

எனக்கென்றால் எரிச்சல் எரிச்சலாக வரும். ஒருமுறை கேட்டே விட்டேன். "கற்பிட்டியில கடல் சும்மா கிடக்குது நானா. காசு குடுத்து பைப்புத் தண்ணியில குளிக்கவா இவ்வளவு தூரம் போற?"

பெயின்ட் டின்னை மூடிக்கொண்டே சொன்னார்.

"நீ புத்தளத்தான், உனக்கு விளங்காது. நான் எங்க போனாலும் முதல் கேள்வி எந்த ஊர். சிங்கள ஆள் எண்டா 'கொஹெந்த' எண்டு கேப்பான். புத்தளம் எண்டு சொன்னா உங்கட ஆக்கள் சிரிப்பாங்க. மன்னார் எண்டு சொன்னா, அப்ப ஏன் இன்னும் இங்க இருக்கிறீங்க எண்டு கேப்பாங்க. அங்க வாசல்ல டிக்கட் மட்டும்தான்டா கேக்கிறான்."

நான் ஏதோ சிரித்து மழுப்பினேன். வேறு என்ன செய்ய... எங்கள் ஆட்கள் அகதி அகதி என்று சொன்னதெல்லாம் என் காதிலும் விழுந்ததுதானே.

அங்கே அவரைப் பார்க்க வேண்டும். சாரனோடு தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள். மகனின் அரைக்காற்சட்டையை மாட்டிக்கொண்டு, தாடி சொட்டச் சொட்ட சறுக்கி வந்து விழுவார். எழும்பி மூச்சு வாங்கிவிட்டு, யாரென்றே தெரியாத பிள்ளைகளோடு திரும்பவும் போய் லைனில் நிற்பார். அலை வரப்போகிறது என்று மணி அடித்தால் எங்கள் எல்லாரையும் விட்டுவிட்டு ஓட்டம்தான்.

ஜெஸீமா ராத்தா நிழலில் பைகளைக் காத்துக்கொண்டு இருப்பார். "ஊருக்கு ஒருக்கா போவம் எண்டா மூஞ்சியத் தூக்குற மனுஷன், இங்க பாருங்களேன்..." என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் ஊருக்குப் போகிற ஆசை ராத்தாவுக்கு உண்மையாகவே இருந்தது.

வாசலில் கையில் கட்டிவிடுகிற பேப்பர் பட்டியை நானா கழற்றவே மாட்டார். நிறம் போய்த் தானாக அறுந்து விழும்வரை அதோடுதான் கடையில் பெயின்ட் கலப்பார்.

யுத்தம் முடிந்து பாதை திறந்ததும் ராத்தாவுக்காக மன்னாருக்கு வேன் பிடித்தார். வீட்டில் சுவர் மட்டும் மிச்சம். கிணற்றுக்குள் மரம் முளைத்திருந்ததாம். அதற்கெல்லாம் அவர் அழவில்லை.

அவருடைய தம்பி ரவூஃப் அதற்கு முந்தியே அங்கே திரும்பிப் போய்க் குடியேறியிருந்தார். கோழி அறுத்து, பாய் விரித்து, நல்ல மாதிரித்தான் கவனித்திருக்கிறார். சாப்பிடும்போது "எத்தனை நாள் லீவு நானா?" என்று கேட்டாராம்.

"என்ட தம்பியே எத்தனை நாள் லீவு எண்டு கேட்டான்டா, விருந்தாளியக் கேக்கிற மாதிரி..." என்று வந்து சொன்னார். அதற்குப் பிறகு கல்யாணம் காட்சி என்று போனாலும் அங்கே தங்கியதில்லை. போன அன்றே திரும்பிவிடுவார்.

இன்று காலை செய்தி கேட்டதும் மன்னாரிலிருந்து போன் எடுத்தவரும் அந்தத் தம்பிதான். "கொண்டு வாங்க. வாப்பாட பக்கத்துல அடக்குவம்" என்றார். நானாவின் மகன் கட்டாரில்... வீடியோ கோலில் அழுதான், எங்கே அடக்குவது என்று அவனால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அடக்கத்தை எந்த நேரத்துக்கு அறிவிக்க என்று பள்ளிவாசலில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

உள் அறையிலிருந்து ராத்தாவின் குரல் வந்தது. "உசிரோட ஒரு ராவு தங்க விருப்பப்படாத ஊருக்கு மையித்தாவா அனுப்புற? இங்கயே அடக்குங்க."

ராத்தா எவ்வளவு ஆசைப்பட்ட ஊர் அது... அவரே அப்படிச் சொன்ன பிறகு யார் என்ன பேச. நானும் அதுதான் சரி என்று பள்ளிக்கு ஓடினேன். லுஹர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸா அடக்கம் என்று முடிவானது.

மன்னாரில் ரவூஃப் கப்ருக் குழி வெட்ட ஆள் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். நாங்கள் முடிவைச் சொன்ன பிறகுதான் பஸ் ஏறினார். வந்து சேரும்போது மண் போட்டு முடிந்துவிட்டது.

கப்ரடியில் அப்படியே குந்திவிட்டார். என்னைப் பார்த்து, சண்டைக்கு இல்லை, சும்மாதான் கேட்டார்.

"எங்க அடக்குற எண்டு நானாட்ட ஆராவது கேட்டு வெச்சீங்களா?"

இல்லை. கேட்கவில்லை. ஊர்க் கதை எடுத்தால் அவர் முகம் மாறும் என்று இத்தனை வருடமும் அதைத் தொடாமலே பழகிவிட்டேன். அங்கிருந்து நானா வீட்டுக்குப் போய் ராத்தாவிடம் கேட்டேன்... அவரும் கேட்டதில்லையாம். சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

சரி செய்தோமா, பிழை செய்தோமா... தெரியவில்லை.

போய் வாருங்கள் நானா. கப்ரில் வானவர்களான மலக்குமார் வந்து கேட்கிற கேள்விகளில் எந்த ஊர் என்பது இல்லை. மற்றதையெல்லாம் அல்லாஹ் உங்களுக்கு லேசாக்கி வைக்கட்டும்.