மாஸ்டரின் பங்கு

கொழும்பில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் உதைபந்தாட்டப் பயிற்றுநருக்கு என்ன சம்பளம் கொடுக்கிறார்கள் என்று நான் தொலைபேசியில் சொன்னபோது அத்தான் முதலில் சிரித்தார். பகிடி விடுகிறேன் என்று நினைத்திருக்கிறார். இரண்டாந்தரமும் சொன்னேன். மறுபக்கத்தில், குசினியில் அக்கா ஏதோ தாளிக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "மாசத்துக்கோ மச்சான், வருசத்துக்கோ?" என்று கேட்டார். பகிடிக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

அத்தான் என் மூத்த அக்காவின் கணவர். திருகோணமலையில் பாலையூற்றில் வாடகை வீடு. பகலில் ஒரு சிமெந்துக் கடையில் வேலை. பின்னேரம் நான்கு மணி அடித்தால் கடைக்காரருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் சல்லி என்ற கடற்கரை ஊரின் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் போய்விடுவார். அங்கே பெடியன்களுக்கு உதைபந்தாட்டம் பழக்கினார். பாடசாலை அபிவிருத்திச் சங்கம் அவருக்கு மாதாமாதம் ஒரு கொடுப்பனவு கொடுத்தது. அதைச் சம்பளம் என்று சொன்னால் சம்பளம் என்ற சொல்லுக்கே கோபம் வரும். போய்வருகிற பெற்றோலுக்குப் பாதி, கிழிந்த பந்துக்கும் சுளுக்குக்குக் கட்டுகிற துணிக்கும் மீதி. "ஊரில எல்லாரும் காசு வாங்க வேலைக்குப் போகினம். எங்கட வீட்டுக்காரர் காசு குடுத்து வேலைக்குப் போறவர்" என்பாள் அக்கா. சொல்லிவிட்டுத் தேத்தண்ணீர்ப் போத்தலையும் நிரப்பிக் கொடுப்பாள்.

இது அந்தப் பெடியன்களின் தகப்பன்மாருக்குத் தெரியாமல் இல்லை. முக்கால்வாசிப் பேர் கரையில் நின்று வலை இழுக்கிற கரைவலைக்காரர். அவர்கள் கையில் காசு நிற்காது. ஆனால் வலை கரைக்கு வந்ததும் மீனைப் பங்கு போடுகிற முறை ஒன்று அவர்களிடம் இருக்கிறது. சம்மாட்டிக்கு, அதாவது வலையின் சொந்தக்காரருக்கு, ஒரு பெரும்பங்கு. வள்ளத்துக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று. பிறகு கயிறு இழுத்த ஒவ்வொருவருக்கும் மணலில் ஒவ்வொரு குவியல். ஒருநாள் அந்த வரிசையில் கூடுதலாக ஒரு குவியலைப் போட்டுவிட்டுச் சம்மாட்டியார் சொன்னாராம், "நாங்கள் வலையை இழுக்கிறம், மாஸ்டர் எங்கட பெடியளை இழுக்கிறார். இது மாஸ்டருக்கு." அன்றிலிருந்து சூடையோ கீரியோ நெத்தலியோ, எது பட்டாலும் ஒரு பை மீன் யாருடைய சைக்கிளிலாவது தொங்கிக்கொண்டு அக்காவின் வாசல் படலைக்கு வந்துவிடும். நான் லீவுக்குப் போய் நிற்கும்போது, "இந்தப் பையைக் கொண்டுபோய்க் கரண்ட் பில் கட்டேலுமோ?" என்று அத்தானைச் சீண்டுவேன். அவர் கோபிக்க மாட்டார். "பில்லை விடு. பொரியல் எப்பிடி?" என்பார்.

அந்தப் பங்குக்கு ஒரு கண்டிப்பு உண்டு. ஒருவனுக்குப் பங்கு விழுந்துவிட்டால் அது தானாக நிற்காது. காய்ச்சலில் படுத்தாலும், கலியாண வீட்டுக்குப் போனாலும், ஆஸ்பத்திரியில் கிடந்தாலும் அவனுடைய குவியல் மணலில் இருக்கும். வேண்டாமென்றால் அவனே கரைக்கு வந்து, எல்லாரும் நிற்கத்தக்கதாக, "என்ர பங்கை எடுங்கோ" என்று தன் வாயால் சொல்ல வேண்டும். வேறு யாரும் எடுக்க முடியாது. சம்மாட்டிகூட முடியாது. வெளியிலிருந்து பார்த்தால் மடத்தனம் போலத் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

பிறகு விலைவாசி ஏறிய காலம் வந்தது. அரிசி, மா, காஸ், பெற்றோல் எல்லாம் ஏறின. பெற்றோலுக்கு மணிக்கணக்கில் வரிசையில் நின்றும் கிடைக்காமல் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே பயிற்சிக்குப் போன நாட்களும் அத்தானுக்கு இருந்தன. கொடுப்பனவு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. சங்கத்தைக் குறை சொல்லவும் முடியாது, அங்கே இருந்தால்தானே கூட்டிக் கொடுப்பார்கள். மாரி தொடங்கிக் கடல் எழும்பினால் பங்கும் இல்லை. அவருடைய மூத்த மகள் உயர்தர வகுப்புக்கு வந்துவிட்டாள். அவளுடைய ட்யூசனுக்கே அத்தானின் கடைச் சம்பளத்தில் பெரிய துண்டு போனது. அப்போதுதான் நான் கொழும்பில், வெள்ளவத்தையில் இருந்துகொண்டு அலைந்து திரிந்து அந்தக் கொழும்பு வேலையைப் பிடித்தேன். கொழும்பில் சம்பளம் பெரிது, வாடகை அதைவிடப் பெரிது என்பது எனக்குத் தெரியாதா? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தேன். அத்தான் என் அறையில் தங்குவது, அக்காவும் பிள்ளைகளும் பாலையூற்றிலேயே இருப்பது. கொழும்புச் சம்பளம், திருகோணமலைச் செலவு. கணக்கில் நான் பிழை விடவில்லை. இப்போதும் அதைத்தான் சொல்வேன்.

நல்ல மாரியில் அத்தான் புறப்பட்டார். அதிபரிடம் சொன்னார், பெடியன்களிடம் சொன்னார், கடைக்காரரிடம் சொன்னார். கரையில் மட்டும் சொல்லவில்லை. "கடலே இல்லாத நேரத்தில பங்கைப் பற்றி என்ன கதை?" என்றார். கொழும்பில் அவருக்குப் பிடித்திருந்தது. இதை நான் மறைக்க விரும்பவில்லை, ஏனென்றால் இப்படியான கதைகளில் ஊரைவிட்டு வந்தவர் எப்போதும் கண்கலங்கிக்கொண்டே இருப்பார். அத்தான் அப்படி இல்லை. "புல்லுத்தரையில பந்து எவ்வளவு அமைதியா ஓடுது மச்சான்!" என்று முதல்நாள் இரவு சின்னப்பிள்ளை மாதிரிச் சொன்னார். இன்றும் அங்கேதான் பழக்குகிறார். மகள் படித்து முடிக்கப்போகிறாள். அக்காவும் இப்போது வெள்ளவத்தைக்கு வந்து, தேங்காய் விலைக்கு ஒவ்வொரு நாளும் என்னைத்தான் திட்டுகிறாள்.

ஆனால் அந்த முதல் வருடம் மாரி முடிந்து கடல் படுத்ததும், முதல் வலை இழுத்த அன்றே படலையில் மீன்பை தொங்கியது. அக்கா எனக்கு அழைப்பெடுத்தாள். குரல் சரியில்லை.

"தம்பி, அவர் அங்க நிக்கிறார், இது இங்க வருது. எனக்குத் தொண்டைக்குக் கீழ இறங்குதில்லையடா."

"வாற மீனை ஏனக்கா மறிக்கிறாய்? செலவு மிச்சம்தானே."

"உனக்குக் கணக்குத் தெரியும். வெட்கம் தெரியாது" என்று வைத்துவிட்டாள்.

பள்ளிக்கூடத்தில் அத்தானுடைய இடத்துக்கு ஒருவரும் வரவில்லை. அந்தக் கொடுப்பனவுக்கு யார் வருவார்? சங்கீத ரீச்சர் சேலையைச் செருகிக்கொண்டு விசில் ஊதுகிறா என்று கேள்விப்பட்டோம். அத்தான் மாதக்கடைசியில் வீட்டுக்குப் போவார். போனால் படலையைத் தாண்டமாட்டார், கரைக்குப் போய்ச் சொல்லவும் மாட்டார். "அடுத்த முறை சொல்லுறன்" என்பார். அடுத்த முறை வயிற்றுக்குத்து, அதற்கடுத்த முறை மழைக்குணம். பையும் வந்துகொண்டே இருந்தது. சித்திரை வருடப்பிறப்புக்கு நானும் போயிருந்தேன். அன்று அக்கா பொங்கலைக்கூடப் பரிமாறாமல் நின்றாள். "நீங்கள் போய்ச் சொல்லாட்டி நான் போய்ச் சொல்லுவன். நான் சொன்னாச் செல்லாது எண்டும் தெரியும். எண்டாலும் போய் நிப்பன்."

மறுநாள் விடிய அத்தானை ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் நான்தான் போனேன். வலையின் இரண்டு கயிறும் கரையில் இழுபட்டுக்கொண்டிருந்தன. எங்களைக் கண்டதும் ஆட்கள் "மாஸ்டர், மாஸ்டர்!" என்று கூப்பிட்டார்கள். ஒருவர் இழுத்தபடியே தன் மகன் போட்ட கோலைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். அத்தான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். சம்மாட்டியாருக்கு முன்னால் போய் நின்று, ஒரே மூச்சில், "என்ர பங்கை எடுங்கோ" என்றார்.

கயிறு நின்றுவிட்டது. சம்மாட்டியார் அவரை ஒன்றும் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"தம்பிதானே அந்த வேலையைப் பிடிச்சுக் குடுத்தது?"

"ஓம் ஐயா."

"அந்தச் சம்பளத்துக்கு எங்கட பங்கில எத்தினை பங்கு போடவேணும்?"

குத்திக் கேட்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் அப்படி இல்லை. விலை கேட்கிறார். கட்டுப்படியாகுமென்றால் அத்தனை குவியலையும் போட்டு ஆளை மறிக்கப் பார்க்கிறார். இழுத்துக்கொண்டு நின்ற அத்தனை பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் வாழ்நாளில் கணக்குத் தெரிந்ததற்காக நான் துக்கப்பட்டது அன்றைக்குத்தான். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"நீங்கள் எல்லாரும் உங்கட பங்கை ஒண்டாப் போட்டாலும் காணாது ஐயா."

அவர் தலையாட்டினார். "அப்ப மாஸ்டர் போனதுதான் சரி. பிள்ளையள் இருக்கு." பிறகு கயிற்றுக்காரரைப் பார்த்து, "இழுங்கோடா, வலை கிடக்குது" என்றார்.

வலை வந்தது. நல்ல மீன்பாடு, வெள்ளையாகக் கீரி மீன். எங்களுக்குத் தேத்தண்ணீர் தந்தார்கள். ஒருவர் முகத்திலும் கோபம் இல்லை. சம்மாட்டியார் குனிந்து மணலில் பங்கு வைக்கத் தொடங்கினார். அத்தான் கோப்பையைக் கையில் பிடித்தபடி கடைசிக் குவியல் விழும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். அது விழுந்தது; அதற்குப் பிறகு மாஸ்டருக்கென்று ஒன்று விழவில்லை. சம்மாட்டியார் நிமிர்ந்து கையைக் கழுவப் போனார். ஆட்கள் தங்கள் தங்கள் பங்கை அள்ளத் தொடங்கினார்கள்.

திரும்பி வரும்போது பாதி வழி தாண்டியிருப்போம். அத்தான் பின்னாலிருந்து என் தோளைத் தட்டினார். கடல் காற்றில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை; மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்தினேன்.

"உண்மையாவே எடுத்துப்போட்டாங்கள் மச்சான்" என்றார். "ஏலாது, விடமாட்டம் எண்டு ஒருத்தனாவது சொல்லுவான் எண்டு நினைச்சனான்."