கீழ் ரூமுக்குப் பால் காய்ச்சிய காலை

தாராவியில் மேல் ரூமுக்கு ஏறுகிற ஏணியைப் பார்த்தவர்களுக்கு, நான் எதற்காகக் கீழ் ரூம் தேடி அலைந்தேன் என்று விளக்க வேண்டாம். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். அது படிக்கட்டு இல்லை. சந்துச் சுவரில் நட்டுக்க நிற்கிற இரும்பு ஏணி. பிடித்துக்கொள்ள மேலேயிருந்து ஒரு கயிறு தொங்கும். ரெண்டு கால் உள்ளவனே மழைக்காலத்தில் முருகா முருகா என்றுதான் ஏறுவான். எனக்கு ஒரு கால்.

டிரம் கழுவுகிற பட்டறையில் அடுக்கு சரிந்து விழுந்து இடது கால் நசுங்கியது. முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள். பட்டறைக்காரர் ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தார். அதோடு சரி. நடையாய் நடந்து (நடந்தது என் வீட்டுக்காரிதான்) அரசாங்கத்தின் ஊனமுற்றோர் உதவித்தொகையை வாங்கினோம். அது வருகிற மாசம் வரும், வராத மாசம் வராது. வந்தாலும் அரிசியும் மருந்தும் வாங்கினால் தீர்ந்தது. வாடகை அவள் சம்பளத்தில். மாட்டுங்காவில் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்க்கிறாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அந்த மேல் ரூமில் ஜெயில் மாதிரிக் கிடந்தேன். அம்மன் கோயில் மணி காதில் விழும், போக முடியாது. கயிற்றைப் பிடித்து ஒற்றைக் காலால் கம்பி கம்பியாகத் தத்தி இறங்க வேண்டும், கீழே ஒருத்தர் இடுப்பைத் தாங்க வேண்டும். கக்கூஸ் சந்து முனையில் இருக்கிறது. அதற்கு மேல் எழுத எனக்கு இஷ்டமில்லை. நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கீழ் ரூம் கேட்டால் எல்லாரும் சிரித்தார்கள். கீழ் ரூம் எல்லாம் பட்டறைக்குப் போகிறது. பை தைக்கிறவரும் பெல்ட் வெட்டுகிறவரும் கொடுக்கிற வாடகையை நாங்கள் எங்கே போய்க் கொடுப்பது? செம்பூரில் ஒரு கட்டடத்தில் ஏழாவது மாடியைக் காட்டினார்கள். லிஃப்ட் இருக்கே என்றார்கள். இருந்தது. அதன் கதவில் யாரோ போர்வை காயப்போட்டிருந்தார்கள். தாணே தாண்டிப் போனால் மலிவு, ஐரோலிப் பக்கம் பாருங்கள் என்று எத்தனை பேர் புத்தி சொன்னார்கள். அங்கே போனால் இவள் எத்தனை மணிக்கு ரயில் ஏறி மாட்டுங்கா வருவது? என் காலைப் பார்க்கிற ஆஸ்பத்திரி இங்கே இருக்கிறது. ரயிலில் ஊனமுற்றோர் பெட்டி இருக்கிறது என்பார்கள். இருக்கிறது, ரெண்டு காலும் நல்லா இருக்கிற ஆம்பிளைகள் அதன் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

இவள் வேலை பார்க்கிற வீட்டு மாமி இவளிடம் கேட்டாராம், நீங்கள் ஊருக்கே போய்விடலாமே, அங்கே வாடகை குறைச்சல்தானே என்று. நல்ல மனசோடுதான் கேட்டார், எனக்குத் தெரியும். இருந்தாலும் எனக்கு வயிறு எரிந்தது. ஊரில் எனக்கு என்ன இருக்கிறது? மீசை முளைக்கும் முன்னே இந்த ஊருக்கு வந்தவன். நாங்கள் போய்விட்டால் மறுநாள் அந்த வீட்டில் சாம்பார் யார் வைப்பார் என்று அந்த அம்மா யோசித்ததாகத் தெரியவில்லை.

கடைசியில் எங்கள் ஜில்லாக்கார பாய் ஒருத்தர் வந்தார். ரூம் பிடித்துக் கொடுக்கிற ஏஜென்ட். ஒரு கீழ் ரூம் இருக்கிறது, இருட்டு, ஜன்னல் கிடையாது, பட்டறைக்கு விட வீட்டுக்காரம்மாவுக்கு இஷ்டமில்லை, அதனால் வாடகை நமக்குக் கட்டும் என்றார். நான் ஊன்றுகட்டையைக் கக்கத்தில் வைத்துப் புறப்படப் போனேன். பாய் தலையைச் சொறிந்தார்.

“அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீய. நீங்க ரூம் பாக்க வர வேண்டாம். அக்கா மட்டும் வரட்டும்.”

ஏன் என்று எனக்குத் தெரியும். அதற்கு முன்னே ஒண்ணு ரெண்டு இடத்தில் என்னைப் பார்த்ததும், ரூம் அப்போதுதான் வேறொருத்தருக்குப் பேசியாகிவிட்டது என்று சொல்லியிருந்தார்கள். களவாண்ட சாமானை ஒளித்து வைக்கிற மாதிரி என்னை ஒளித்து வைத்து ஒரு ரூம் பிடித்தார்கள். இவள் புருஷன் கம்பெனியில் வேலை பார்க்கிறார் என்று பாய் சொன்னாராம். இவள் பொய் சொல்ல மாட்டாள், குனிந்துகொண்டு நின்றிருக்கிறாள். பதினோரு மாச அக்ரிமெண்ட் அவள் பேரில் ஆனது. டெபாசிட்டுக்கு அவள் தாலிச் சங்கிலி போனது. மஞ்சள் கயிறு போதும் என்றாள்.

பாய் ஒன்று சொல்லியிருந்தார். ஒரு வாரம் போகட்டும், அதுவரை வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட வேண்டாம் என்று. அது இவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. புது ரூமுக்குப் பால் காய்ச்சாமல் எப்படிக் குடிபோவது? பால் காய்ச்சினால் வீட்டுக்காரர்களைக் கூப்பிடாமல் எப்படி? முதல் டம்ளர் அவர்களுக்குத்தானே? முந்தின நாளே மேலே அவர்கள் ரூமுக்குப் போய்க் குங்குமம் கொடுத்துக் கூப்பிட்டுவிட்டு வந்துவிட்டாள். நானும் தடுக்கவில்லை. எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது.

விடியக்காலம் என்னைக் கூட்டி வந்து கிழக்குப் பார்க்க உட்கார வைத்தாள். அம்மன் படம், விளக்கு. அடுப்பில் புதுப் பாத்திரம், கழுத்தில் மஞ்சள் கட்டி, பால். சிலிண்டர் தீரப் போகிறதோ என்னவோ, தீ பொட்டு மாதிரி எரிந்தது. அப்போது வீட்டுக்காரம்மா தாம்பாளத்தில் சீனியும் பழமும் எடுத்துக்கொண்டு வந்தார். நெற்றியில் பெரிய குங்குமம். மேலேதான் குடியிருக்கிறார்கள், மெயின் ரோட்டில் பலசரக்குக் கடை, மகன் பார்க்கிறான். என்னைப் பார்த்தார். சுவரில் சாய்த்திருந்த கட்டையைப் பார்த்தார். மடித்துவிட்ட வேட்டியைப் பார்த்தார். இவர் யார் என்று இவளிடம் கேட்டார். எங்க வீட்டுக்காரவிய என்று இவள் சொன்னாள்.

அந்த அம்மா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாம் இவளிடம்தான், நான் அங்கே இல்லாத மாதிரி. மகன் காலையில் கடை திறக்க இந்த வாசலைத் தாண்டித்தான் போகிறானாம். முதல் யாவாரத்துக்குப் போகிற பிள்ளை எதிரில் இப்படி ஒரு ஆள் இருந்தால் எப்படி என்றார். தன்னைத் தப்பாக நினைக்கக் கூடாதாம், சாஸ்திரம் அப்படியாம். டெபாசிட்டைப் பாயிடம் கொடுத்துவிடுகிறேன், அடுப்பை அணைத்துவிட்டு வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். அம்மன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதுதானா உன் சாஸ்திரம் என்று உள்ளுக்குள் சண்டை போட்டேன்.

இவள் அடுப்பிலிருந்து தள்ளி நின்றுகொண்டாள்.

“நீங்களே அணைச்சிருங்கம்மா. ஒங்க வீடு.”

அந்த அம்மா கையை நீட்டினார். கை திருகு வரைக்கும் போனது. மஞ்சள் கட்டிய பாத்திரம், சாமி முன்னால், பொங்காத பால். அதை அணைக்கிற கை யாருடையதோ அந்த வீட்டுக்குத்தான் பாவம் என்று எனக்குத் தெரியும், இவளுக்குத் தெரியும், அந்த அம்மாவுக்கு எங்களை விட நல்லாத் தெரியும். கை அப்படியே நின்றது.

“நீயே அணைடி” என்றார்.

“நான் மாட்டேன்” என்றாள் இவள். “பொங்காத பாலைத் தூக்கிட்டு ஒங்க வாசலைத் தாண்டிப் போக எனக்குப் பயமா இருக்கு. ஒங்களுக்கு இல்லேன்னா அணைங்க.”

மூணு பேரும் அந்தப் பாலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தீயோ பொட்டு மாதிரி எரிகிறது. பால் ஆடை கட்டுகிறது, ஓரத்தில் ஒரு குமிழ் வருகிறது, அடங்குகிறது. போய்விடவும் அந்த அம்மாவால் முடியவில்லை, கூப்பிட்டு வந்த இடத்தில் பால் பொங்குவதைப் பார்க்காமல் போகக் கூடாதே. எனக்குச் சிரிப்பு வந்தது. அவ்வளவு கோபத்திலும் வந்தது.

பொங்கியது. நாலு பக்கமும் வழிந்தது. இவள் கும்பிட்டுவிட்டு, டம்ளரில் ஊற்றி, சீனி போட்டு, அந்த அம்மாவிடம் நீட்டினாள். வாங்கினார். நின்றுகொண்டே குடித்தார். பதினோரு மாசம் இருந்துகொள்ளுங்கள், அதற்கு மேல் கிடையாது என்றார். மகன் போகிற வரைக்கும் கதவைச் சாத்தி வைக்க வேண்டும் என்றார், அதையும் இவளிடமே.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். “கால் போறதுக்கு முந்தி, கோயில் கொடைத் திருவிழாவுக்கு அம்மன் சப்பரம் ஒங்க வாசலுக்கு வந்தப்ப முன்தண்டைத் தூக்கிட்டு நின்னவன் நான்தான். என் தோளைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டியளே, அது எந்தச் சாஸ்திரம்?”

அந்த அம்மா முகம் ஒரு மாதிரி ஆனது. ஞாபகம் வந்ததா இல்லையா என்று தெரியாது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஏறிப் போய்விட்டார்.

கொஞ்ச நாள் கதவைச் சாத்தித்தான் வைத்தேன். ஜன்னல் இல்லாத ரூமில் கதவையும் சாத்தினால் அடுப்புக்குள்ளே உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை குளித்து, திருநீறு பூசி, கதவைத் திறந்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். பார்க்கட்டும் என்று. பையன் வந்தான். காதில் ரெண்டு பக்கமும் ஏதோ மாட்டியிருந்தான், கண் கையிலிருந்த போனில். என்னைத் தாண்டிப் போனான். அன்றைக்கிலிருந்து தினமும் அப்படித்தான். இந்தப் பிள்ளைக்கு என் முகம் எப்படி இருக்கும் என்றே தெரியாது. இதற்காகத்தான் என்னை இருட்டில் வைத்திருந்தார்கள்.

அக்ரிமெண்ட் முடியப் போகிறது. அந்த அம்மா சொன்ன சொல்லில் நிற்கிறார். பாய் மறுபடியும் தேடுகிறார், மறுபடியும் அதையே சொன்னார், அக்கா மட்டும் வரட்டும் என்று. இந்தத் தடவை நான்தான் முதலில் போவேன் என்றேன். அப்படியென்றால் ரூம் கிடைக்காது அண்ணாச்சி என்றார். கிடைக்காவிட்டால் போகட்டும், இல்லை என்கிறவர்கள் என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும் என்றேன்.

இதுவரை ரெண்டு இடம் போய்ப் பார்த்தாயிற்று. ரெண்டு பேரும் இல்லை என்றுதான் சொன்னார்கள். தரையைப் பார்த்துச் சொன்னார்கள்.