பின்லாந்துச் சம்பந்தி

யோகராணி சனிக்கிழமை லீவு கேட்டபோதே ரூ காய் தெருவில் அவள் வேலை செய்யும் தமிழ்க் கடை முதலாளிக்கு முகம் சுருங்கிவிட்டது. கடையில் கால் வைக்க இடமில்லாத நாள் அது. மகளைக் கட்டப்போகிறவனின் தாய் பின்லாந்திலிருந்து வருகிறார் என்று சொன்ன பிறகுதான் மனமில்லாமல் தலையாட்டினார். விடிய எழும்பிச் சமைத்ததில் அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. லீவு எடுத்தும் ஓய்வில்லை என்பது சிலருடைய தலையெழுத்து.

வந்த அம்மாவின் பெயர் தூலா. ஏரிக்கரைச் சிற்றூர் ஒன்றில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அதில் மட்டும் யோகராணிக்குத் திருப்தி. கையில் ஒரு போத்தல் சிவப்புப் பழப்பாகு. அவர்கள் நாட்டில் காடு யாருடையதாக இருந்தாலும் பழம் பிடுங்க எவருக்கும் உரிமை உண்டாம். நுளம்புக்கடிக்குள் குனிந்து நின்று தன் கையாலேயே பிடுங்கியதாம். மகள் கஜனி பெருமையோடு மொழிபெயர்த்தாள். சம்பந்தம் பேச வருகிறவர் காட்டில் சும்மா கிடைத்ததைக் கொண்டுவந்திருக்கிறாரே என்று தாய் மனதுக்குள் நொந்துகொண்டாள்.

அதோடு அந்த அம்மாவின் பேச்சு முடிந்தது. பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி சோபாவில் இருந்தார். யோகராணி மெத்ரோ ரயில் நெரிசலைப் பற்றிப் பேசினாள், கலியாண மண்டபத்தைப் பற்றிப் பேசினாள், பேச ஒன்றும் இல்லாமல் மழையைப் பற்றியும் பேசினாள். கஜனி ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல தூலா தலையை ஆட்டுவார். பேச்சு நின்றதும் எதிர்வீட்டுச் சுவரைப் பார்ப்பார். வாய்க்குள் கொழுக்கட்டையா வைத்திருக்கிறார் இந்த மனுசி என்று யோகராணிக்கு எரிச்சல் வந்தது.

சாப்பாட்டில் கதை இன்னும் மோசமாயிற்று. தட்டு காலியானால் விருந்தாளிக்குப் பசி அடங்கவில்லை என்பது யோகராணி வளர்ந்த முறை. தட்டில் மிச்சம் விடுவது வெட்கக்கேடு என்பது தூலா வளர்ந்த முறை. இவள் இடியப்பம் வைக்க வைக்க அவர் தின்று தீர்த்தார். கோழிக்கறி உறைப்பில் முகம் சிவந்து, நெற்றி வேர்த்து, ஆனாலும் விடவில்லை. கடைசியில் கஜனிதான் சட்டியைப் பறித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். இவ்வளவும் தின்றுவிட்டு ருசி என்று ஒரு சொல் சொல்லவில்லையே என்பதுதான் தாய்க்கு ஆறவில்லை.

அடுப்படியில் வைத்து மகள் விளங்கப்படுத்தினாள். அங்கே பேசாமல் இருப்பது கோபமில்லை. மாப்பிள்ளை மிக்கோவும் தாயும் நாள் முழுக்க வள்ளத்தில் மீன் பிடித்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமலே வீடு வந்து, நல்ல நாள் என்பார்களாம்.

"விருப்பமில்லையெண்டா இவ்வளவு தூரம் வந்திருக்கவே மாட்டா, அம்மா."

ஆறுதல் சொல்லத்தான் சொன்னாள். யோகராணிக்கோ பயம்தான் கூடியது. கார்த்திகை பிறந்தால் மத்தியானம் திரும்பினதுமே இருட்டும் நாடு. வாய் திறக்காத சனம். அதற்குள் தன் ஒரே பிள்ளை, புருசன் செத்த பிறகு தனியாளாய் நின்று வளர்த்த பிள்ளை, யாருடைய முகத்தைப் பார்த்து இருக்கப்போகிறாள்?

களைப்பு ஒரு அளவுக்கு மேல் போனால் உபசாரமும் கழன்றுவிடும். தேத்தண்ணியை வைத்துவிட்டு அவள் நேரே கேட்டாள்.

"நான் கேக்கிறதை அப்பிடியே சொல்லு, கஜனி. என்ரை பிள்ளை அங்கை இருட்டுக்குள்ளை இருந்து அழுதால் இவ என்ன செய்வா?"

கஜனி முதலில் மறுத்தாள். தாயின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். தூலா யோசித்தார். தேத்தண்ணி ஆறிப்போகுமட்டும் யோசித்துவிட்டு, சின்னதாய் ஏதோ சொன்னார்.

"என்னவாம்?"

"பக்கத்திலை வந்து இருப்பாவாம். அழுது முடியுமட்டும்."

அவ்வளவுதானா என்று கேட்க யோகராணி வாயெடுத்தாள். மகள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு நிறுத்தினாள். விடிய அலுவலகங்களைத் துடைக்கிற வேலை, பின்னேரம் கடை என்று தான் ஓடித்திரிந்த காலத்தில், கழுத்தில் வீட்டுத் திறப்பைக் கொழுவிக்கொண்டு பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, இதே அறையில் தனியே இருந்த பிள்ளை அது. அழுதிருப்பாள். எத்தனை தரம், எதற்காக என்று பெற்றவளுக்குத் தெரியாது. ஒரு நாளாவது பக்கத்தில் இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.

"கூட்டிக்கொண்டு போகட்டும் எண்டு சொல்லு," என்றாள் யோகராணி.