கண்ணுக்குத் தெரியாத ‘ங்க’

தாராபுரத்தை விட்டு நடந்துகொண்டிருந்தேன். போன செவ்வாய்க்கிழமை, விடியற்காலை. தோளில் ஒரு மூட்டை, உடம்பில் ஒரு கறுப்புக் கோட்டு.

இந்த முறை எந்த வேலையை விட்டாய் என்று கேட்பீர்கள். நொண்டி வேலை. சந்தை சந்தையாக வலித் தைலம் விற்கும் ஒரு ‘டாக்டர்’ கம்பெனியில் இருந்தேன். கூட்டத்துக்குள் நான் நொண்டிக்கொண்டு வர வேண்டும். டாக்டர் தைலம் தடவுவார். நிமிர்ந்து நடக்க வேண்டும். அவ்வளவுதான். நாலாம் வகுப்போடு நின்றவனுக்கு வேறு என்ன உத்தியோகம் தருவார்கள்? டாக்டரும் எந்தக் காலேஜிலும் படித்தவரல்ல. கோட்டு வைத்திருந்தார். புதுக் கோட்டு தைத்ததும் பழையதை எனக்குக் கொடுத்தார்.

திங்கட்கிழமை, நிஜமாகவே நொண்டுகிற ஒருவர் என்னைப் பார்த்து நம்பித் தைலம் வாங்கினார். சாயங்காலம் எங்கள் வண்டிக்குப் பின்னால் இரண்டு மைல் வந்தார் – நொண்டிக்கொண்டேதான். மறுநாள் நான் நடையைக் கட்டிவிட்டேன்.

குண்டடம் தாண்டி ஒரு மாட்டுவண்டி மணலில் புதைந்து நின்றது. தோள் கொடுத்துத் தள்ளினேன். உள்ளே ஒரு டீச்சர். பெயர் ஞானம், திருநெல்வேலிப் பக்கம். கணபதி என்ற ஊரில் காது கேளாத பிள்ளைகளுக்குச் சின்னதாக ஒரு பள்ளிக்கூடம் நடத்துகிறார். பொங்கலுக்கு ஊருக்குப் போன வள்ளியாத்தாள் என்ற எட்டு வயதுப் பெண்ணை அப்பா திருப்பி அனுப்பவில்லை. ஆடு மேய்க்க விட்டுவிட்டார். அவளை மீட்கப் போகிறாராம்.

“நீங்களும் ஏறிக்கோங்க” என்றார். உபசாரம் அல்ல. வழியில் இன்னும் மணல் இருந்தது.

அவர் மடியில் நீளமாக ஒரு கவர். என்னவென்று கேட்டேன்.

“அப்ளிகேஷன். அமெரிக்காவில ஒரு காலேஜுக்கு. கல்வியில டாக்டர் பட்டம் படிக்கணும்.”

வண்டிக்காரர் திரும்பினார். “ஊசி போடுவீங்களா, அம்மணி?”

“மாட்டேன்.”

“மருந்து?”

“கிடையாது. இது கல்விக்கு டாக்டர்.”

“ஏனுங்க, கல்விக்கு என்னங்க நோவு?”

“அது ரொம்ப நாளாப் படுத்த படுக்கை” என்றார் டீச்சர்.

பி.ஏ. முடித்து, எல்.டி. என்ற வாத்தியார் படிப்பும் முடித்து, கடல் தாண்டி இன்னும் எதற்குப் படிப்பு என்று கேட்டேன். ஆராய்ச்சி, சேவை, அறிவுத் தாகம் என்று ஏதாவது பெரிதாகச் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

“இந்தப் பிள்ளை மந்தமில்ல, காதுதான் கேக்கலன்னு எங்க போய்ச் சொன்னாலும் ஒரே கேள்வி. இன்ஸ்பெக்டர் கேக்கார். தாசில்தார் கேக்கார். பெத்தவங்களும் கேக்காங்க – ‘நீங்க என்ன டாக்டரா?’ ஒரு தடவை ‘ஆமா’ன்னு சொல்லிட்டுப் போகலாமேன்னுதான்.”

வீடு வந்தது. வாசலிலேயே வள்ளியாத்தாள். டீச்சரைப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பு. பிறகு என்னைப் பார்த்து, அட்சரம் பிசகாமல், “வா. உக்காரு” என்றாள்.

உட்கார்ந்தேன். இவ்வளவு தெளிவாக என்னை யாரும் உட்காரச் சொன்னதில்லை. ஆனால் அவள் அப்பாவின் முகம் கறுத்தது. அந்தப் பக்கத்தில் பெரிய பண்ணையம் அவருக்கு. ஊரே ‘பண்ணாடி’ என்று கூப்பிடும்.

“வாங்க, அம்மணி. மோர் குடிங்க. பாத்தீங்களா? பொங்கலுக்கு வந்த எங்கண்ணனையும் இப்படித்தானுங்க, அத்தன பேர் முன்னாடி ‘வா’ன்னு போட்டா. ஊமையா இருந்தவரைக்கும் மரியாதையா இருந்தாளுங்க. பேசச் சொல்லிக் குடுத்துக் கெடுத்துபோட்டீங்க. ஆடுககிட்ட மரியாத வேண்டியதில்லீங்க.”

நாயைக்கூட ‘போங்க’ என்று விரட்டும் சீமையில் இது சின்னக் குற்றமா?

டீச்சர் பொறுமையாகச் சொன்னார். “அவ உதட்டைப் பாத்துப் பேசக் கத்துக்கிட்டவ. ‘வா’ன்னா, பல்லு உதட்டுல படுறது தெரியும். ‘ங்க’ தொண்டைக்குள்ள பிறக்குது. வெளிய தெரியாது. அதை இனிமேத்தான் சொல்லித் தரணும். ‘வா’வுக்கே ரெண்டு வருஷம் ஆச்சு.”

“அது சரிங்க. ஆனா நீங்க என்ன டாக்டருங்களா?”

டீச்சர் என்னைப் பார்த்தார். சொன்னேன் அல்லவா என்ற பார்வை. பண்ணாடியும் என்னைப் பார்த்தார் – என் முகத்தை அல்ல, கோட்டை.

“ஏனுங்க, தாங்கள் டாக்டருங்களா?”

“தாராபுரத்துல டாக்டரோடதான் இருந்தேனுங்க” என்றேன். பொய்யில்லை.

“அப்ப நீங்க சொல்லுங்க.”

டீச்சர் சொன்னதையே சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. “நம்பலீன்னா கண்ணாடியில பாருங்க” என்பதை மட்டும் சேர்த்தேன்.

உள்ளே போய்க் கண்ணாடி முன் நின்றார். “வா... வாங்க... வா... வாங்க...” தன் வாயையே முறைத்துப் பார்த்தார். “அட, ரெண்டும் ஒண்ணாட்டத்தான் இருக்குது” என்றபடி வந்தார். “இதுக்கு மருந்து ஏதாச்சுமுங்களா?”

“பள்ளிக்கூடம்தானுங்க.”

“அம்மணி, புள்ள துணியெல்லாம் எடுத்துக் கட்டு” என்றார் மனைவியிடம். அந்த அம்மா மூட்டையோடு வந்து டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டார். “மொதல்லயே டாக்டரக் கூட்டியாந்திருக்கலாமில்லீங்க, டீச்சரம்மா?”

பல்லடத்தில் பஸ் ஏறினோம். நடுவில் வள்ளியாத்தாள் – எங்கள் இரண்டு பேர் உதட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு.

“எதுக்குங்க அமெரிக்கா? ஒரு கோட்டு தச்சாப் போதாதுங்களா?” என்றேன்.

“நான் போட்டா அது கோட்டு. நீங்க போட்டா டாக்டர்” என்றார். கணபதியில் இறங்கியதும் முதல் காரியமாக அந்தக் கவரைத் தபால் பெட்டியில் போட்டார்.

போட்டுவிட்டு எனக்கு ஒரு வேலை இருப்பதாகச் சொன்னார். ‘ங்க’ சொல்லும்போது மூக்கு அதிரும். பிள்ளைகள் அதில் விரல் வைத்துத்தான் கற்க வேண்டும். இத்தனை நாளும் பள்ளிக்கூடம் முழுவதற்கும் டீச்சரின் ஒரே மூக்கு.

மறுநாள் காலை மணி அடித்ததும் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு ஒரு முக்காலியில் உட்கார்ந்தேன். முதல் ஆளாக வள்ளியாத்தாள் வந்து விரலை வைத்தாள். “வாங்க” என்றேன். “வா” என்றாள். “வாங்க” என்றேன்...

திங்கட்கிழமை வரை நான் கால். புதன்கிழமையிலிருந்து மூக்கு.