யோகநாதனின் இடது கை

குளிக்க வார்ப்பதற்காகப் புருஷனின் சட்டையைக் கழற்றும்போதுதான் நாகேஸ்வரி அதைக் கண்டாள். யோகநாதனின் இடது கையில் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. மடங்கிக் கிடந்த விரல்களை விரித்துப் பார்த்தாள். உள்ளே பாதி கரைந்த ரொபி மிட்டாய் ஒன்று.

“இது ஆர் வைச்சது?”

“நான்தான். பிள்ளை பசியில இருக்கிறாள்.”

அவர் வடமராட்சிக்காரர். கலியாணம் முடிந்த கையோடு வன்னிக்கு வந்து, காடு வெட்டி, இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் நெல் விளைவித்தவர். ஊரில் யாருடைய உழவு ரக்ரர் சேற்றில் புதைந்தாலும் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். போன மாரிக்கு முன்னர் வரம்பு கட்டிக்கொண்டு நின்றவர் மண்வெட்டியோடு சரிந்தார். பாரிசவாதம்; இடப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு திரும்பியது. கால் இழுபட்டாலும் நடந்தது. இடது கை மட்டும் தன்னுடையதே இல்லை என்றார். அது வினோஜாவின் கையாம்.

வினோஜா அவர்களுடைய ஒரே பிள்ளை. தொண்ணூற்றாறில் கிளிநொச்சிச் சனம் முழுதும் இடம்பெயர்ந்தபோது எட்டு வயது. நாகேஸ்வரி முன்னால் மாட்டுவண்டிலில் போனாள். யோகநாதன் மகளை இடது கையில் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தார். மல்லாவிப் பாதையில் செல் விழுந்து வெடித்தது. சனம் நிலத்தில் படுத்து எழும்பியபோது அவருடைய கையில் பிள்ளை இல்லை. தேடாத இடமில்லை. உடலும் கிடைக்கவில்லை, கண்டதாகச் சொல்லவும் ஒருவரில்லை. செத்தவீட்டுச் சடங்கு செய்யவில்லை. எப்படி விட்டீர்கள் என்று நாகேஸ்வரி ஒருநாளும் கேட்கவில்லை. சண்டை நின்று, மூடிக்கிடந்த பாதை திறந்து சமாதானம் வந்த பிறகும் அந்த வீட்டில் அந்தக் கதை மட்டும் எழவில்லை.

உடற்பயிற்சி கொடுக்க வாரத்துக்கொருமுறை மோட்டார்சைக்கிளில் வரும் கமலாசனி ஒருநாள் வார் பூட்டிய சின்னக் கறுப்புப் பெட்டியொன்றைக் கொண்டுவந்தாள். வெளிநாட்டு வைத்தியர்கள் விட்டுவிட்டுப் போனது.

“இடக்கையில கட்டிவிடுங்கோ அன்ரி. கை கொஞ்ச நேரம் சும்மா கிடந்தால் கத்தும். அசைச்சால் நிக்கும். சத்தத்தை நிப்பாட்டவெண்டாவது ஆள் தன்ர கையைத் தேடுவார்.”

“தேடாட்டி?”

“விரல் இறுகிப்போம். பிறகு நகமே உள்ளங்கையைக் குத்திப் புண்ணாக்கும். இப்ப விட்டால் பிறகு கஷ்டம்.”

யோகநாதன் சிரித்தார். “மணிக்கூட்டை ஆள்மாறிக் கட்டுறாய் பிள்ளை. என்ர கை இஞ்சால இருக்கு.”

அன்று பின்னேரம் பெட்டி முதல்தடவையாகக் கத்தியது. யோகநாதன் பதறிப்போய், வலக்கையால் அந்தக் கையை வாரி மடியில் வைத்துத் தடவினார். “அழாத குஞ்சு, அப்பா இருக்கிறன்.” சத்தம் நின்றது.

அதன்பிறகு பெட்டி ஒவ்வொருமுறையும் சட்டென்று அடங்கியது. கிணற்றடியில் நிற்கும்போது சத்தம் கேட்டால் நாகேஸ்வரி வாளியைப் போட்டுவிட்டு, “வாறன், வாறன்” என்று ஓடிவருவாள். யாருக்குச் சொல்கிறாள் என்று அவளுக்கே தெரியாது. வீட்டில் மூன்று பேர் இருப்பதுபோலிருந்தது. அந்தக் கையை மட்டும் வாசச் சவர்க்காரம் போட்டுக் கழுவத் தொடங்கினாள்.

அடுத்த கிழமை கமலாசனி வந்தபோது, “நல்லாச் சுகம் பிள்ளை, கத்தின உடன நிக்குது” என்றாள் நாகேஸ்வரி. கமலாசனி பக்கத்தில் இருந்து பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் மாறியது.

“அன்ரி, இவர் அசைக்கேல்லை. வலக்கையால தாலாட்டுறார். அந்தக் குலுக்கத்தில பெட்டி ஏமாந்துபோச்சு.”

தலையணை உறையொன்றுக்குள் அவருடைய வலக்கையை விட்டு, அவர் இருந்த கதிரையின் சட்டத்தோடு கட்டினாள். “கத்தேக்க நீங்கள் தொடக்கூடாது. தொட்டியளெண்டால் அந்தக் கையை மறந்துவிட வேண்டியதுதான்.”

அவள் போன பிறகு பெட்டி கத்தியது. யோகநாதன் உறைக்குள் முண்டினார்.

“இஞ்சேர், பிள்ளையைத் தூக்கு.”

நாகேஸ்வரி இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழ் வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்தாள்.

“காது கேக்கேல்லையே? பெத்தவள்தானே நீ? கல்லடி நீ, கல்!”

பெட்டி நிற்கவில்லை. அவளுடைய முலைக்காம்பு இரண்டும் கூசின. இத்தனை வருடத்துக்குப் பிறகு.

“என்னை எண்டாலும் அவிட்டு விடு. அழுது அழுது தொண்டை வறண்டுபோச்சு அவளுக்கு. அம்மா தாயே, தூக்கடி.”

அவள் கண்ணை மூடினாள். திறந்தபோது யோகநாதன் கத்துவதை நிறுத்திவிட்டு அந்தக் கையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பெருவிரல் நடுங்கியது. பிறகு சுட்டுவிரல் நிமிர்ந்து, கதிரைச் சட்டத்தில் ஒருமுறை தட்டியது. பெட்டி அடங்கியது.

அவர் இன்னொருமுறை விரலை நிமிர்த்திப் பார்த்தார். மணிக்கட்டில் அரிவாள் வெட்டின பழைய தழும்பு. புறங்கையில் நரைத்த மயிர்.

“இது என்ர கை,” என்றார்.

“ஓம். உங்கட கை.”

“அப்ப அவள் எங்க?”

அறைக்குள் நிற்கிறாள் என்று சொல்லலாம். விளையாடப் போய்விட்டாள் என்று சொல்லலாம். எதைச் சொன்னாலும் நாளைக்கே அந்தக் கை மீண்டும் பிள்ளையாகிவிடும். தானும் பழையபடி கிணற்றடியிலிருந்து ஓடிவரலாம். விரல்கள் மெல்ல மெல்ல இறுகிவிடும்.

நாகேஸ்வரி எழும்பி அவருடைய வலக்கைக் கட்டை அவிழ்த்தாள்.

“பிள்ளை இல்லையப்பா,” என்றாள். அதுவரை அவள் யாருக்கும் அப்படிச் சொன்னதில்லை. “மல்லாவிப் பாதையோடயே இல்லை.”

யோகநாதன் விடுபட்ட வலக்கையை மடியிலேயே வைத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் பெட்டி மீண்டும் கத்தியது. அவர் அதைப் பார்க்காமலே இடது விரலை அசைத்தார். சத்தம் நின்றது.

வீட்டில் வேறு சத்தமே இல்லை.